நெய்வேலிக்கு எந்த மந்திரி பதில் சொல்வார்?

நெய்வேலியில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. அவருக்குச் சரியான வைத்தியம் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று டெல்லி பார்லிமெண்டில் ஒரு எம்.பி. எழுந்து கேட்க நினைக்கிறார். அவர் எந்த மந்திரியைக் கேட்க வேண்டும்?

"இது என்ன கேள்வி? சுகாதார மந்திரியைத்தான்!" என்று சட்டென்று சொல்லி விடுவீர்கள்.

சங்கடமே அங்கேதான் இருக்கிறது. நெய்வேலியைப் பொறுத்தவரை அந்தப் பதில் பாதி கூடச் சரியில்லை.

ஒரே ஊர், பல இலாகா

டவுன்ஷிப்பில், கம்பெனி குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் ஒரு நிரந்தரத் தொழிலாளியை எடுத்துக் கொள்வோம். அவருக்குக் கம்பெனி ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்தக் கம்பெனி மத்திய சர்க்காருடையது. 1956-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி 'நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன்' என்ற பெயரில் ஆரம்பித்தார்கள். இன்று அதன் பெயர் என்.எல்.சி. இந்தியா. அது நிலக்கரி மந்திரியின் இலாகாவில் இருக்கிறது. ஆகவே, அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் போதவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியவர் நிலக்கரி மந்திரி!

அதே சுரங்கத்தில், அதே ஷிப்டில், அதே தூசியைச் சுவாசிக்கிற காண்டிராக்ட் தொழிலாளி ஒருவர். அவர் கையில் ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால், அவருடைய விஷயம் தொழிலாளர் மந்திரியிடம் போகும்.

மந்தாரக்குப்பத்தில் பெட்டிக்கடை வைத்திருப்பவருக்குக் கம்பெனியும் இல்லை, அட்டையும் இல்லை. அவர் போவது சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு. அதற்குப் பொறுப்பு மாநில சுகாதார மந்திரி. அவரைக் கேள்வி கேட்கும் இடம் டெல்லி அல்ல, சென்னை சட்டசபை.

சுரங்கத்தை ஒட்டிய கிராமத்தில் ஒரு விவசாயி இருக்கிறார். அவர் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் சரியில்லை என்றால் முதலில் மாநில சர்க்காரைக் கேட்க வேண்டும். நிலத்தடி நீர் என்று கேட்டால் ஜலசக்தி மந்திரி. தொழிற்சாலை அசுத்தம் என்று கேட்டால் சுற்றுச்சூழல் மந்திரி.

இன்னும் இருக்கிறது. சுரங்கத்துக்குள் பாதுகாப்பைக் கவனிக்கும் டைரக்டர் ஜெனரலின் ஆபீஸ், மத்திய தொழிலாளர் இலாகாவைச் சேர்ந்தது. அனல் மின் நிலையத்தில் உள்ள பாய்லரைச் சோதனை போடுவதோ, மாநில சர்க்காரின் பாய்லர் இலாகா.

மனிதனுக்கு நுரையீரல் ஒரு ஜோடிதான். நெய்வேலியில் அதற்கு மந்திரிகள் ஐந்தாறு பேர்!

இத்தனை மந்திரிகள் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். பத்து பேர் காவல் இருக்கும் தோட்டத்தில்தான் மாங்காய் களவு போகும் என்பது கிராமத்துக்காரர்களுக்குத் தெரியும். அவர் பார்த்துக் கொள்வார் என்று இவர் இருப்பார். இவர் பார்த்துக் கொள்வார் என்று அவர் இருப்பார்.

கவுன்சிலர் இல்லாத ஊர்

நெய்வேலி சாதாரண ஊர் அல்ல. 1930-க்களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1957-ம் ஆண்டு மே 20-ந் தேதி பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். முந்திரியும் சோளமும் விளைந்த செம்மண் காட்டில், பிளாக் பிளாக்காக ஒரு நகரம் எழுந்தது.

அந்த நகரத்துக்கு ரோடு போட்டது கம்பெனி. தண்ணீர் விடுவது கம்பெனி. தெரு விளக்கு, குப்பை, ஆஸ்பத்திரி எல்லாமே கம்பெனி. டவுன்ஷிப்புக்கு முனிசிபாலிட்டி கிடையாது. முனிசிபாலிட்டி இல்லை என்றால் கவுன்சிலரும் கிடையாது.

மற்ற ஊர்களில் கொசு மருந்து அடிக்கவில்லை என்றால் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். "உனக்கு ஓட்டுப் போட்டேனே!" என்று நாலு பேர் முன்னால் கேட்கலாம். டவுன்ஷிப் குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை. கம்பெனி அதிகாரியை யாரும் ஓட்டுப் போட்டு உட்கார வைக்கவில்லை. அவர் நல்லவராக இருக்கலாம், திறமைசாலியாகவும் இருக்கலாம். ஆனால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அவர் நம்மிடம் வந்து கை கூப்ப வேண்டிய அவசியம் இல்லை.

அப்படியானால், அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி ஓட்டுப் போட்டவன் சார்பில் யாராவது கேட்கக்கூடிய இடம் எது? பார்லிமெண்டுதான். கம்பெனிக்கு முதலாளி மத்திய சர்க்கார். மத்திய சர்க்காரைக் கேட்கக்கூடியவர் எம்.பி. அதனால்தான் சொல்கிறேன்: கேள்வி நேரம் என்பது மற்ற ஊர்களுக்கு ஒரு வசதி. நெய்வேலிக்கு அது ஒன்றுதான் வழி.

கேள்வி நேரம் என்றால் என்ன?

லோக்சபையில் காலை 11 மணிக்கு மணி அடித்ததும் முதல் வேலை கேள்வி நேரம். 12 மணி வரை நடக்கும்.

கேள்வி கேட்க நினைக்கும் எம்.பி., 15 நாட்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்து விட வேண்டும். கேள்விகள் குவிந்து விடுவதால் குலுக்கல் போடுகிறார்கள். குலுக்கலில் விழுந்த 20 கேள்விகளுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். அந்த 20-க்கு மந்திரி சபையில் எழுந்து நின்று, வாயால் பதில் சொல்ல வேண்டும். இன்னும் 230 கேள்விகளுக்கு நட்சத்திரம் கிடையாது. அவற்றுக்கு எழுத்து மூலம் பதில் வரும்.

எழுத்தில் வந்தால் என்ன, வாயால் வந்தால் என்ன? பதில் பதில்தானே?

இல்லை. பெரிய வித்தியாசம் இருக்கிறது.

எழுத்துப் பதிலை இலாகா குமாஸ்தா தயார் செய்வார். அதிகாரி திருத்துவார். மந்திரி கையெழுத்துப் போடுவார். அதோடு சரி. ஆனால் மந்திரி எழுந்து நின்று பதில் சொன்னால், கேட்டவர் விட மாட்டார். "அப்படியானால் இது எப்படி?" என்று உபகேள்வி போடுவார். பக்கத்தில் இருப்பவரும் எழுந்திருப்பார். அந்த உபகேள்வி என்ன என்று மந்திரிக்கு முன்கூட்டியே தெரியாது. குமாஸ்தா எழுதிக் கொடுத்த தாளில் அதற்குப் பதில் இருக்காது. உண்மை வெளியே வருவது அந்த நிமிஷத்தில்தான்.

வெள்ளைக்காரன் காலத்திலேயே இதற்காகப் போராடினார்கள். 1892-ம் ஆண்டுச் சட்டத்தில் இந்திய அங்கத்தினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை கிடைத்தது. ஆனால் உபகேள்வி கேட்கக் கூடாது! 1909-ல் தான் அந்த உரிமை வந்தது, அதுவும் முதல் கேள்வியைக் கேட்டவருக்கு மட்டும். எதைக் கொடுத்தாலும் உபகேள்வியைக் கொடுக்க வெள்ளைக்காரன் 17 வருஷம் தயங்கினான் என்றால், அதன் மகிமையைப் புரிந்து கொள்ளலாம்.

டி.டி.கே. பதவி போன கதை

நேரு நெய்வேலிக்கு வந்தாரே, அதே 1957-ம் ஆண்டு. நிதி மந்திரியாக இருந்தவர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. பெரிய அறிவாளி. பார்லிமெண்டில் அவரை மடக்குவது சுலபம் அல்ல.

அந்தச் செப்டம்பரில் டாக்டர் ராம் சுபக் சிங் என்ற எம்.பி. ஒரு கேள்வி கேட்டார். எல்.ஐ.சி. பணத்தைக் கான்பூரில் உள்ள ஒரு தனியார் கம்பெனியில் போட்டிருக்கிறார்களா என்பது கேள்வி. வழவழவென்று ஒரு பதில் வந்தது. நவம்பரில் விஷயம் மறுபடியும் கேள்வி நேரத்துக்கு வந்தது. உபகேள்விகள் பறந்தன. டிசம்பரில் பெரோஸ் காந்தி புள்ளி விவரங்களோடு எழுந்து பேசினார். முந்திரா என்ற வியாபாரியின் கம்பெனிகளில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் எல்.ஐ.சி. பணம் போயிருந்தது வெட்ட வெளிச்சம் ஆயிற்று. நீதிபதி சாக்ளா விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கேள்வி கேட்ட ராம் சுபக் சிங்கும், பெரோஸ் காந்தியும் எதிர்க்கட்சிக்காரர்கள் அல்ல. இருவரும் காங்கிரஸ் எம்.பி.க்கள்! அதிலும் பெரோஸ் காந்தி, நேருவின் மருமகன். சொந்தக் கட்சி மந்திரி என்று அவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. இன்று அப்படிப்பட்ட ஆளும் கட்சி எம்.பி.யைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும் சரிதான்.

இரண்டாவது, எல்.ஐ.சி.யும் நெய்வேலிக் கம்பெனி போல சர்க்கார் ஸ்தாபனம். "அது தனி ஸ்தாபனம், எனக்குச் சம்பந்தம் இல்லை" என்று மந்திரி கையை உதறிவிட முடியவில்லை. நெய்வேலி ஆஸ்பத்திரி விஷயத்திலும் உதறக் கூடாது.

கேட்க முடியாமல் போன நாள்

2020-ம் ஆண்டு. ஊரெங்கும் கொரோனா. மே 7-ந் தேதி, நெய்வேலி இரண்டாவது அனல் மின் நிலையத்தில் ஒரு பாய்லரில் விபத்து. தொழிலாளர்கள் கருகினார்கள். இரண்டு மாதம் கூட ஆகவில்லை. ஜூலை 1-ந் தேதி, அதே மின் நிலையத்தில் இன்னொரு பாய்லர் வெடித்தது. அன்றைக்கே 6 பேர் மாண்டார்கள். படுகாயம் அடைந்தவர்களைச் சென்னைக்குக் கொண்டு போனார்கள். அங்கேயும் உயிர்கள் போயின. காண்டிராக்ட் தொழிலாளர்களின் குடும்பங்கள் கதறின.

இப்போது ஒரு எம்.பி. என்னவெல்லாம் கேட்டிருக்க வேண்டும்! நெருப்போடும் நீராவியோடும் தினமும் வேலை செய்கிற ஊரில், தீக்காயத்துக்கு எத்தனை படுக்கை? எத்தனை டாக்டர்? உடம்பு வெந்தவரை ஏன் அத்தனை மைல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்? மே மாதம் பட்ட அடிக்குப் பிறகு ஜூலைக்குள் ஆஸ்பத்திரியில் என்ன ஏற்பாடு செய்தீர்கள்?

விபத்துக்குப் பின் பார்லிமெண்டு முதன்முதலாகக் கூடியது செப்டம்பர் 14-ந் தேதி. அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே கிடையாது!

கொரோனா காரணம் என்றார்கள். எழுத்துக் கேள்விகளை மட்டும் அனுமதித்தார்கள். மந்திரி எழுந்து நிற்க வேண்டியதில்லை. உபகேள்வி இல்லை. குளிர்காலக் கூட்டத்தொடரோ நடக்கவே இல்லை. 2021 பட்ஜெட் கூட்டத்தொடரில்தான் கேள்வி நேரம் திரும்பி வந்தது. அதற்குள் ஏழு மாதம் ஓடி விட்டது. ஏழு மாதம் கழித்து எந்தப் பத்திரிகையில் பாய்லர் செய்தி வரும்?

கொரோனா பயம் பொய் அல்ல. எம்.பி.க்களும் மனிதர்கள்தான். ஆனால் சபை கூடியது, மசோதாக்கள் நிறைவேறின, மந்திரிகள் பேசினார்கள். கேள்வி நேரத்துக்கு மட்டும் இடம் இல்லை. தேசம் முழுவதும் ஆஸ்பத்திரியைப் பற்றியே கவலைப்பட்டுக் கொண்டிருந்த வருஷத்தில், ஆஸ்பத்திரியைப் பற்றி மந்திரியை நேருக்கு நேர் கேட்கும் நேரத்தை எடுத்து விட்டார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

"அது மாநில விஷயம்!"

கேள்வி நேரம் இருந்தால் மட்டும் போதுமா? மந்திரிகள் கையில் ஒரு கேடயம் இருக்கிறது. அதன் பெயர், "சுகாதாரம் மாநில விஷயம்."

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், எந்த வேலை மத்திய சர்க்காருக்கு, எந்த வேலை மாநிலத்துக்கு என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். பொது சுகாதாரமும், ஆஸ்பத்திரிகளும் மாநிலப் பட்டியலில் 6-வது இடத்தில் இருக்கின்றன. ஆகவே மந்திரி சொல்வது சட்டப்படி சரி. ஆனால் அந்தப் பதிலை எங்கே சொல்வது என்று ஒரு நியாயம் இருக்கிறது.

2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்சிஜன் கிடைக்காமல் ஜனங்கள் தவித்ததை நாடே பார்த்தது. சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் அலைந்தார்கள். ஜூலை 20-ந் தேதி ராஜ்யசபையில், கே.சி.வேணுகோபால் எம்.பி. கேட்ட கேள்விக்கு, சுகாதார ராஜாங்க மந்திரி பாரதி பிரவீன் பவார் எழுத்து மூலம் பதில் அளித்தார். சுகாதாரம் மாநில விஷயம் என்று ஆரம்பித்தது அந்தப் பதில். ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாகக் குறிப்பாக எந்த மரணத்தையும் மாநிலங்கள் தெரிவிக்கவில்லை என்று முடிந்தது.

மாநிலங்கள் எழுதி அனுப்பவில்லை. ஆகவே கணக்கில் இல்லை. மாநிலங்களைக் கேட்டால், மத்திய சர்க்கார் அனுப்பிய படிவத்தில் அதற்கு இடம் எங்கே என்பார்கள். நடுவில் செத்தவன் எந்தக் கணக்கிலும் வராமல் போய் விடுகிறான்.

ஆனால் வாசகர்களே, நெய்வேலி ஆஸ்பத்திரிக்கு இந்தக் கேடயம் செல்லாது! அது மாநில சர்க்கார் ஆஸ்பத்திரி அல்ல. மத்திய சர்க்கார் கம்பெனியின் ஆஸ்பத்திரி. இந்தக் கதவை எந்த எம்.பி.யும் தாராளமாகத் தட்டலாம். தட்டுகிறவர் போதாது என்பதுதான் குறை.

இன்னொரு நிலக்கரி ஊர்

பிரிட்டனில், வேல்ஸ் பகுதியில் டிரெடிகர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அதுவும் நம் நெய்வேலி போல நிலக்கரி ஊர். அங்கே தொழிலாளர்கள் சம்பளத்தில் பவுனுக்கு இத்தனை காசு என்று போட்டு ஒரு வைத்திய சங்கம் நடத்தினார்கள். சங்கமே டாக்டரை வைத்துக் கொண்டது. குடும்பத்துக்கு எல்லா வைத்தியமும் அதில் கிடைத்தது. ஊரில் பெரும்பாலோர் அதில் சேர்ந்திருந்தார்கள்.

அந்த ஊரில் பிறந்து, 13 வயதில் சுரங்கத்துக்குள் இறங்கிய ஒரு பையன், அனூரின் பெவன். பின்னாளில் எம்.பி. ஆனார். 1945-ல் சுகாதார மந்திரி ஆனார். 1948 ஜூலை 5-ந் தேதி, நாட்டு மக்கள் எல்லோருக்கும் இலவச வைத்தியத் திட்டத்தைக் கொண்டு வந்தார். தம் ஊரில் நடந்ததைத்தான் நாடு முழுவதும் நடத்தினார்!

டிரெடிகர் ஆஸ்பத்திரியில் நோயாளியின் மலத்தட்டு ஒன்று கை தவறிக் கீழே விழுந்தால், அந்தச் சத்தம் லண்டன் பார்லிமெண்டில் கேட்க வேண்டும் என்று பெவன் சொன்னதாகக் கூறுவார்கள். மந்திரியாக இருப்பவரே, "என்னைக் கேளுங்கள், நான்தான் பொறுப்பு" என்று சொன்னார். நம் ஊர் மந்திரிகளுக்கு இதை யாராவது மொழிபெயர்த்துச் சொன்னால் தேவலை.

தண்ணீரில் பாதரசம்

நெய்வேலியில் கீழே விழுந்த சத்தம் எங்கே கேட்டது என்று பார்ப்போம்.

2023 ஆகஸ்டில் 'பூவுலகின் நண்பர்கள்', 'மந்தன் அத்யயன் கேந்திரா' என்ற இரண்டு அமைப்புகள் ஓர் அறிக்கையை வெளியிட்டன. சுரங்கங்களையும் அனல் மின் நிலையங்களையும் சுற்றியுள்ள கிராமங்களில் தண்ணீரையும் மண்ணையும் எடுத்துச் சோதித்திருந்தார்கள். வடக்குவெள்ளூர் நிலத்தடி நீரில், பாதரசம் அனுமதித்த அளவுக்கு மேல் இருப்பதாக அதில் சொல்லியிருந்தார்கள். குடிதண்ணீரில் பாதரசம் ஒரு லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய அளவு. பாதரசம் உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். கர்ப்பிணியின் வயிற்றில் உள்ள குழந்தையைக் கூட விடாது.

பத்திரிகைகளில் செய்தி வந்தது. அதைப் பார்த்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல பெஞ்சு தானாகவே வழக்காக எடுத்துக் கொண்டது. நல்ல காரியம். ஆனால் கோர்ட்டு எடுத்துக் கொண்ட பிறகு வழக்கு கோர்ட்டு நடையில்தான் நடக்கும். வாய்தா உண்டு, வக்கீல் உண்டு. அதற்குள் கிராமத்துத் தாய்மார் தண்ணீர் எடுப்பதை நிறுத்தி வைக்க முடியுமா?

இது கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே, வருஷா வருஷம் சபையில் கேட்டிருக்க வேண்டிய விஷயம். நெய்வேலியில் 1962-ல் மின்சாரம் உற்பத்தி ஆரம்பித்தது. சாம்பலும் அன்றே ஆரம்பித்தது. சுற்றிலும் உள்ள கிணறுகளை யார் சோதிக்கிறார்கள், எப்போது சோதித்தார்கள், கணக்கை ஊர்ப் பஞ்சாயத்துக்குக் கொடுத்தார்களா என்று கேட்க எந்த விஞ்ஞானியும் வேண்டியதில்லை. ஒரு எம்.பி. போதும்.

எப்படிக் கேட்பது?

கேட்பதற்கும் ஒரு வகை உண்டு. சர்க்கார் கம்பெனிகளின் அன்றாட நிர்வாகத்தைப் பற்றிய கேள்விகளைச் சபாநாயகர் சாதாரணமாக அனுமதிப்பதில்லை. "போன செவ்வாய்க்கிழமை நெய்வேலி ஆஸ்பத்திரியில் ஊசி போட ஏன் நேரமாயிற்று?" என்று கேட்டால் கேள்வி அடிபட்டுப் போகும். கொள்கையைப் பற்றிக் கேட்டால் நிற்கும். கேள்வி 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். தவறான இலாகாவுக்குப் போனால், கேள்வியை வேறு இலாகாவுக்கு மாற்றி விடுவார்கள்.

ஆகவே இப்படிக் கேட்கலாம்:

"நிலக்கரி மந்திரி தயவு செய்து தெரிவிப்பாரா: (அ) நெய்வேலிக் கம்பெனி ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்ட ஸ்பெஷலிஸ்டு டாக்டர் பதவிகள் எத்தனை, கடந்த ஐந்து ஆண்டுகளில் ஆண்டு வாரியாகக் காலியாக இருந்தவை எத்தனை, (ஆ) தீக்காயம், நுரையீரல் நோய் ஆகியவற்றுக்கு உள்ள படுக்கைகள் எத்தனை, (இ) காண்டிராக்ட் தொழிலாளர் குடும்பங்களுக்கும், நிலம் கொடுத்த கிராமத்தாருக்கும் அங்கே சிகிச்சை தருவது பற்றிய விதி என்ன, (ஈ) சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் கம்பெனி செய்த உடல் பரிசோதனை, நீர்ப் பரிசோதனை விவரங்கள் என்ன?"

நூறு வார்த்தை கூட இல்லை. ஆனால் இதற்குப் பதில் எழுதுவதற்குள் ஆபீசில் பத்து பைல்களைத் தூசி தட்ட வேண்டியிருக்கும்.

"தகவல் சேகரிக்கப்படுகிறது, சபை மேஜையில் வைக்கப்படும்" என்று மந்திரி சொல்லக் கூடும். விட்டு விடக் கூடாது. அப்படிச் சொன்னால் அது ஒரு வாக்குறுதி. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றினார்களா என்று கண்காணிக்க லோக்சபையில் ஒரு கமிட்டியே இருக்கிறது. 1953 டிசம்பர் முதல் தேதியில் இருந்து இருக்கிறது! இது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்தால் மந்திரிகள் இவ்வளவு சுலபமாக அந்த வாக்கியத்தைச் சொல்ல மாட்டார்கள்.

விடாமல் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு மதுரை எய்ம்ஸ் இருக்கிறது. 2015 பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று அறிவித்தார்கள். 2019 ஜனவரி 27-ந் தேதி தோப்பூரில் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். பிறகு சத்தம் இல்லை. தமிழ்நாட்டு எம்.பி.க்கள் கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் கேட்டார்கள். ஜப்பான் கடனுக்குக் காத்திருக்கிறோம் என்பது உட்பட, ஒவ்வொரு விவரமும் சர்க்கார் பதிலில் இருந்தே ஊருக்குத் தெரிந்தது. 2022-ல் மாணவர்களைச் சேர்த்து, ராமநாதபுரத்தில் உட்கார வைத்தார்கள். 2024-ல் தோப்பூரில் கட்டட வேலை ஆரம்பம் ஆயிற்று. கேள்வி செங்கல் அடுக்காதுதான். ஆனால் கேள்வி இல்லாமல் இருந்திருந்தால் அந்த அடிக்கல்லை எருக்கஞ்செடி மூடியிருக்கும்.

ஒரு குறை

பார்லிமெண்டுப் பதில்கள் எல்லாவற்றையும் இண்டர்நெட்டில் போடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் இங்கிலீஷிலும் இந்தியிலும்தான் இருக்கின்றன. தமிழில் இல்லை. வடக்குவெள்ளூர்க் கிணற்றைப் பற்றி மந்திரி என்ன சொன்னார் என்பதை, அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் அம்மாள் படித்துப் பார்க்க முடியாது. தமிழ்நாட்டைப் பற்றிய பதில்களையாவது தமிழில் போட வேண்டும் என்று நம் எம்.பி.க்கள் வற்புறுத்த வேண்டும். கலெக்டர் ஆபீஸ் பலகையில் ஒரு காப்பி ஒட்டினால் இன்னும் நல்லது.

அதுவரை நம் வேலையை நாம் செய்யலாம். எம்.பி.க்குக் கடிதம் தமிழிலேயே எழுதலாம். அரைப் பக்கம் போதும். உங்கள் கஷ்டத்தை எழுதுங்கள்; கடைசியில் கேள்வியாக இரண்டு வரி எழுதுங்கள். அண்மைக் கூட்டத்தொடர்களில் லோக்சபையில் நிலக்கரி மந்திரியின் முறை புதன்கிழமை. சுகாதார மந்திரியின் முறை வெள்ளிக்கிழமை. தொழிலாளர், சுற்றுச்சூழல் மந்திரிகளின் முறை திங்கட்கிழமை. கம்பெனி ஆஸ்பத்திரி என்றால் புதன்கிழமைக்கு என்று குறிப்பிடுங்கள். 15 நாள் கெடு இருப்பதால், பார்லிமெண்டு கூடும் தேதி பத்திரிகையில் வந்த உடனே தபாலில் சேர்த்து விட வேண்டும்.

நெய்வேலி, கடலூர் லோக்சபைத் தொகுதியில் இருக்கிறது. அதற்காகக் கடலூர் எம்.பி.க்கு மட்டும்தான் எழுத வேண்டும் என்பது இல்லை. தமிழ்நாட்டுக்கு லோக்சபையில் 39 எம்.பி.க்கள், ராஜ்யசபையில் 18 எம்.பி.க்கள். யார் வேண்டுமானாலும் நெய்வேலியைப் பற்றிக் கேட்கலாம். ஒருவர் கேள்வி குலுக்கலில் விழாவிட்டால், இன்னொருவர் கேள்வி விழும்.